செல்ஃப் எடுக்காத ஜெனரேட்டர்

திருப்பூர் பனியன் கம்பெனியில் கரண்ட் போனதும் எல்லாருடைய காதும் ஜெனரேட்டர் அறைப் பக்கம் போகும். சில நொடிகளில் இன்ஜின் உறுமிவிட்டால் கவலையில்லை, வேலை தொடரும். உறுமலுக்குப் பதிலாக 'டிக்' என்று ஒரே ஒரு சத்தம் வந்து அடங்கிப்போனால், பவர் டேபிள்களில் ஊசி துணியைக் குத்தியபடியே நிற்கும், சூப்பர்வைசர் எலக்ட்ரீஷியனைத் தேடி ஓடுவார். "அண்ணா, செல்ஃப் எடுக்க மாட்டேங்குதுங்க" என்று போன் போகும். "சோலினாய்டு போயிருக்கும்" என்று பதில் வரும்.

அந்தப் பதில் பாதி நேரம் சரி, பாதி நேரம் தவறு. சரியாக இருக்கிறபோதும் அது முழுப் பதில் இல்லை. சோலினாய்டு தானாகக் கெடுவது குறைவு. பலவீனமான பேட்டரியும் லூஸான கனெக்‌ஷனும்தான் பெரும்பாலும் அதைக் கெடுக்கின்றன. காரணத்தைப் பார்க்காமல் புதுசை வாங்கி மாட்டினால் புதுசும் அதே வழியில் போகும். ஜெனரேட்டர் வைத்திருக்கும் ஒவ்வொரு சிறு கம்பெனிக்காரரும் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். வேலையை ஆட்டோ எலக்ட்ரீஷியனே செய்யட்டும். அவர் என்ன செய்கிறார், எதைச் செய்யாமல் விடுகிறார் என்று உரிமையாளருக்கும் பராமரிப்பு ஆளுக்கும் தெரிந்திருந்தால், தேவையில்லாமல் செல்ஃப் மோட்டாரையே மாற்றும் செலவு மிச்சமாகும்.

தையல் பகுதியில் கரண்ட் போனால் நேரம்தான் நஷ்டம். நிட்டிங் மெஷின் நடுவில் நின்று மறுபடி ஓடினால் துணியில் நின்ற கோடு விழலாம். சாயப்பட்டறையிலும், துணியை விரித்து உலர்த்தும் ஸ்டென்ட்டரிலும் கதை வேறு. சாஃப்ட் ஃப்ளோ மெஷினில் சுற்றிக்கொண்டிருக்கும் துணி, சூடான சாயத்துக்குள் அப்படியே நின்றுபோனால் நிறம் திட்டுத்திட்டாக ஏறும், மடிப்புக் கோடு பதியும். ஸ்டென்ட்டரின் சூட்டு அறை 150 டிகிரி, அதற்கு மேலும் இருக்கும். செயின் நின்றால் உள்ளே மாட்டிய துணி மஞ்சளாகிவிடும். இந்த நஷ்டங்களை எல்லாம் தடுக்கத்தான் அறையில் அவ்வளவு பெரிய இன்ஜின் நிற்கிறது. அந்த இன்ஜினை எழுப்ப வேண்டியது கைக்குள் அடங்கும் ஓர் உருளை.

அந்த உருளைதான் சோலினாய்டு. செல்ஃப் மோட்டாரின் முதுகில் குட்டி மோட்டார் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்கு இரண்டு வேலைகள். ஒன்று, பெரிய சுவிட்சாக இருப்பது. செல்ஃப் மோட்டார் சுற்றும்போது பேட்டரியிலிருந்து சில நூறு ஆம்பியர் இழுக்கும். அவ்வளவு மின்னோட்டத்தைச் சாவியிலோ பேனல் பட்டனிலோ கொண்டுவர முடியாது, உருகிவிடும். அதனால் சாவியிலிருந்து சோலினாய்டின் எஸ் டெர்மினலுக்கு வரும் ஒரு சின்ன வயர் அதை மட்டும் எழுப்பும். சோலினாய்டு பெரிய கனெக்‌ஷனைச் சேர்த்துவிடும். இன்னொன்று, தள்ளுவது. செல்ஃப் மோட்டாரின் நுனியில் இருக்கும் சின்னப் பல்சக்கரத்தை, நம் ஊரில் பெண்டிக்ஸ் என்று சொல்வதை, ஒரு ஃபோர்க் வழியாக முன்னே தள்ளி இன்ஜினின் ஃப்ளைவீல் பற்களோடு கோர்ப்பது. கோர்த்த பிறகுதான் மோட்டார் முழுப் பலத்தோடு சுற்ற வேண்டும். முந்தினால் பல் தேயும்.

இந்த வரிசை தவறாமல் நடக்க உள்ளே இரண்டு காயில்கள் சுற்றப்பட்டிருக்கின்றன. ஒன்று இழுக்கும் காயில், மற்றொன்று பிடித்துக்கொள்ளும் காயில். துணி மூட்டையைத் தோளுக்கு ஏற்ற இரண்டு பேர் வேண்டும், ஏற்றிய பிறகு சுமக்க ஒருவர் போதும் அல்லவா, அதுதான் இங்கேயும். ஸ்டார்ட் கொடுத்தவுடன் இரண்டு காயிலும் சேர்ந்து நடுவில் இருக்கும் இரும்புத் தண்டை, அதாவது பிளஞ்சரை, ஸ்பிரிங்கை எதிர்த்து உள்ளே இழுக்கின்றன. இழுக்கும் காயிலின் மின்னோட்டம் செல்ஃப் மோட்டார் வழியாகத்தான் எர்த்துக்குப் போகிறது; அதனால் மோட்டார் அந்தச் சமயத்தில் மெல்ல அசைந்து, பல்லோடு பல் கோர்த்துக்கொள்ள உதவும். பிளஞ்சர் கடைசிவரை போனதும் அதன் முனையில் உள்ள செம்பு வட்டு, இரண்டு பெரிய போல்ட்களின் தலைகளைச் சேர்த்துப் பாலம் போடும். மோட்டாருக்கு முழு கரண்ட் பாயும். அந்த நொடியில் இழுக்கும் காயிலின் இரண்டு முனையிலும் ஒரே வோல்டேஜ் வந்துவிடுவதால் அது ஓய்ந்துவிடுகிறது. பிடித்துக்கொள்ளும் காயில் தனியாகச் சுமக்கிறது. இன்ஜின் பிடித்து, பட்டனை விட்டதும் ஸ்பிரிங் எல்லாவற்றையும் பின்னால் தள்ளிவிடும்.

இது புரிந்துவிட்டால் சத்தத்தைக் கேட்டே பாதி நோயைச் சொல்லிவிடலாம்.

ஸ்டார்ட் கொடுத்தால் சத்தமே இல்லை என்றால் சோலினாய்டைத் தொடுவதற்கு முன் அதற்குக் கரண்ட் வருகிறதா என்று பார்க்க வேண்டும். சிவப்பு எமர்ஜென்சி பட்டனை யாராவது அமுக்கி விட்டிருப்பார்கள். கன்ட்ரோலர் பழைய ஃபால்ட்டைப் பிடித்துக்கொண்டு ரீசெட்டுக்காகக் காத்திருக்கும். ஃபியூஸ், ரிலே, சாவி, எஸ் டெர்மினலுக்கு வரும் சின்ன வயரின் லக் என்று வரிசையாகப் பார்த்துவிட்டு, எல்லாம் சரி என்றால்தான் காயிலைச் சந்தேகிக்கலாம்.

'டக டக டக' என்று மெஷின் கன் மாதிரி அடித்தால் பத்தில் எட்டு தடவை பேட்டரி, இல்லாவிட்டால் அதன் டெர்மினல். சோலினாய்டு சேர்கிறது, மோட்டார் கரண்டை இழுக்கிறது, வலுவில்லாத பேட்டரியின் வோல்டேஜ் சட்டென்று விழுகிறது, தனியாகச் சுமந்துகொண்டிருந்த காயிலுக்குப் பலம் போதாமல் ஸ்பிரிங் ஜெயிக்கிறது, கனெக்‌ஷன் விடுபடுகிறது, வோல்டேஜ் மறுபடி ஏறுகிறது, மறுபடி சேர்கிறது. ஒவ்வொரு முறை விடுபடும்போதும் செம்பு வட்டுக்கும் போல்ட் தலைக்கும் இடையில் நெருப்புப் பொறி பறக்கும். அங்கேதான் சோலினாய்டு சாகிறது. 'டக டக' என்று அடிக்கிறபோது, "இன்னொரு தடவை போட்டுப் பாரு" என்று திரும்பத் திரும்ப ஸ்டார்ட் கொடுப்பதைப் போன்ற கெடுதல் வேறு இல்லை. பேட்டரி நன்றாக இருந்தும் இதே சத்தம் வந்தால் பிடித்துக்கொள்ளும் காயில் அறுந்திருக்கலாம்.

ஒரே ஒரு கனத்த 'டிக்', பிறகு மௌனம். பிளஞ்சர் நகர்ந்துவிட்டது, மோட்டார் சுற்றவில்லை. வட்டும் போல்ட் தலையும் கருகியிருக்கலாம். மோட்டாருக்குள் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். அரிதாக இன்ஜினே இறுகியிருக்கலாம். விர்ரென்று மோட்டார் சுற்றும் சத்தம் கேட்டு, இன்ஜின் அசையவில்லையென்றால் பெண்டிக்ஸ் பிரச்சினை.

கடைசியாக ஒன்று. இன்ஜின் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை. இதற்கும் "சோலினாய்டு போச்சு" என்றுதான் சொல்வார்கள். அது வேறு சோலினாய்டு: டீசலைத் திறந்து மூடும் ஃபியூயல் சோலினாய்டு. பல ஜெனரேட்டர்களில் இரண்டும் உண்டு. கடைக்குப் போய் வெறுமனே சோலினாய்டு என்று கேட்டு, தவறான பொருளோடு திரும்பி வருவது சாதாரணமாக நடக்கிறது. இன்ஜின் சுற்றுகிறதா இல்லையா என்பதை முதலில் சொல்லுங்கள். மெக்கானிக்குக்கு அந்த ஒரு தகவல் பாதி வழி.

சத்தம் சந்தேகத்தைத்தான் தரும். உறுதி செய்ய ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும்.

முதலில் பேட்டரி. சார்ஜரை நிறுத்தி, சில மணி நேரம் ஓய்ந்திருக்கும் 12 வோல்ட் பேட்டரி நிறைந்திருந்தால் 12.6 வோல்ட் காட்டும். 12.4 என்றால் முக்கால் பங்கு. 12 என்றால் கிட்டத்தட்ட காலி. பலர் இங்கே ஏமாறுகிறார்கள். 12 என்று கண்டதும் "பன்னிரண்டு வோல்ட் இருக்குதே" என்று திருப்தியாகிவிடுகிறார்கள். ஓய்ந்திருக்கும்போது பார்ப்பதும் போதாது. ஒருவர் ஸ்டார்ட் கொடுக்க, இன்னொருவர் மீட்டரைப் பிடிக்க வேண்டும். சுற்றும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே போனால் பேட்டரியைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். பெரிய ஜெனரேட்டர்களில் இரண்டு பேட்டரியைத் தொடராக இணைத்து 24 வோல்ட் வைத்திருப்பார்கள். அங்கே இரண்டையும் தனித்தனியாக அளக்க வேண்டும். ஒன்று நன்றாக இருந்து மற்றொன்று செத்திருப்பது வழக்கம்.

அடுத்து எஸ் டெர்மினல். ஸ்டார்ட் கொடுக்கும்போது அங்கே பேட்டரி வோல்டேஜுக்கு நெருக்கமாக வர வேண்டும். வரவில்லையென்றால் குற்றம் சாவிக்கும் சோலினாய்டுக்கும் நடுவில்.

பிறகு முக்கியமான சோதனை. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி கேபிள் வரும் பெரிய போல்ட்டிலும், மற்ற முனையை மோட்டாருக்குப் போகும் பெரிய போல்ட்டிலும் வையுங்கள். சும்மா இருக்கும்போது 12 வோல்ட்டுக்கு மேல் காட்டும். ஸ்டார்ட் கொடுத்து 'டிக்' கேட்ட நொடியில் அது பூஜ்யத்துக்குப் பக்கத்தில், 0.3-க்குள் இறங்க வேண்டும். இறங்கினால் சுவிட்ச் சேர்கிறது, சோலினாய்டு நல்லது, மோட்டாரைப் பாருங்கள். 'டிக்' கேட்டும் மீட்டர் 12-லேயே நின்றால் உள்ளே வட்டு சேரவில்லை. சோலினாய்டு மாற்ற வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி இல்லை. இரண்டு நிமிட வேலை. இதைச் செய்யாமல் யாராவது "செல்ஃபைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோகணும்" என்றால், முதலில் இதைச் செய்துகாட்டச் சொல்லிக் கேட்கலாம்.

எர்த் பக்கத்தையும் விடாதீர்கள். பேட்டரியின் நெகட்டிவிலும் செல்ஃப் மோட்டாரின் உடம்பிலும் மீட்டரை வைத்து ஸ்டார்ட் கொடுத்தால் அரை வோல்ட்டுக்கு மேல் வரக் கூடாது. ஓம் கணக்கு போட்டுப் பாருங்கள்: 300 ஆம்பியர் போகும் பாதையில் நூறில் ஒரு பங்கு ஓம் தடை இருந்தாலே 3 வோல்ட் அங்கேயே தொலைந்துபோகும். அந்த நூறில் ஒரு பங்கு ஓமை உண்டாக்க டெர்மினலில் பூத்த வெள்ளைப் பூவும் ஒரு லூஸ் நட்டும் போதும். திருப்பூர் ஜெனரேட்டர் அறைகளில் கூடுதலாக ஒன்று உண்டு, பஞ்சுத் தூசி. நிட்டிங் பகுதிக்குப் பக்கத்து அறை என்றால் அது ஆயில் கசிவோடு சேர்ந்து சாம்பல் நிறப் பிசின் மாதிரி டெர்மினல்களைச் சுற்றிப் படியும். ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு செம்பைப் பச்சையாக்கும். பல சோலினாய்டுகளுக்குத் தேவைப்பட்டது உப்புத்தாளும் ஒரு ஸ்பேனரும்தான்.

ஸ்க்ரூ டிரைவரைப் போட்டு இரண்டு பெரிய போல்ட்களைச் சேர்த்துப் பார்க்கும் பழக்கம் எல்லாப் பட்டறையிலும் உண்டு. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தச் சோதனை எல்லா வண்டிக்கும் ஒன்றல்ல. வெளிநாடுகளில் வீட்டுப் புல்தரையில் உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி வண்டிகள் இருக்கின்றன. நம் பக்கம் கோல்ஃப் மைதானங்களிலும் பெரிய வளாகங்களிலும் பார்க்கலாம். அவற்றில் பெரும்பாலும் சோலினாய்டு தனிப் பெட்டியாகச் சேஸிஸில் திருகப்பட்டிருக்கும். வெறும் சுவிட்ச் வேலை மட்டும் அதற்கு. மோட்டார் சுற்றும் வேகத்திலேயே பல்சக்கரம் எறியப்பட்டு ஃப்ளைவீலில் கோர்த்துக்கொள்ளும். அங்கே இரண்டு போல்ட்டையும் சேர்த்தால் இன்ஜின் சுற்றும். ஜெனரேட்டரிலும் டாடா ஏஸ் போன்ற வண்டிகளிலும் பல்லைத் தள்ளுவதே சோலினாய்டுதான். அங்கே பெரிய போல்ட்களைச் சேர்த்தால் மோட்டார் விர்ரென்று சும்மா சுற்றும், பல் கோர்க்காது. அதைப் பார்த்து "பெண்டிக்ஸ் போச்சு" என்று முடிவு கட்டுவது பெரிய தவறு. அந்தச் சோதனை மோட்டார் உயிரோடு இருக்கிறது என்பதை மட்டும்தான் சொல்கிறது.

அது ஆபத்தானதும்கூட. சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். பக்கத்தில் பெரிய பொறி பறந்தால் பேட்டரி வெடித்து ஆசிட் முகத்தில் அடிக்கலாம். எஸ் டெர்மினலுக்கு நேராகக் கரண்ட் கொடுத்தால் எல்லாப் பாதுகாப்பையும் தாண்டி இன்ஜின் சட்டென்று சுழலும், ரேடியேட்டர் ஃபேனுக்குப் பக்கத்தில் கை இருக்கும். மல்டிமீட்டர் இருக்கும்போது ஸ்க்ரூ டிரைவர் சோதனை வேண்டியதே இல்லை. புல்வெட்டி வண்டியில் இன்னும் மோசம்: சீட்டில் ஆள் இருக்கிறாரா, பிரேக் மிதித்திருக்கிறதா, பிளேடு அணைந்திருக்கிறதா என்று பார்க்கும் சுவிட்சுகள் அத்தனையும் இந்தக் குறுக்கு வழியில் செயலிழந்துவிடும். அந்த வண்டி ஸ்டார்ட் ஆகாமல் போவதற்கு அந்தச் சுவிட்சுகளில் ஒன்றே காரணமாகவும் இருக்கும்.

மாற்றுவதற்கு வருவோம். ஆட்டோ பேனல் வைத்த ஜெனரேட்டரில் முதல் வேலை ஸ்பேனரை எடுப்பதல்ல. பேனல் ஆட்டோவில் இருந்தால், நீங்கள் இன்ஜின் பக்கத்தில் குனிந்திருக்கும்போது ஈ.பி. கரண்ட் போனால் இன்ஜின் தானே ஸ்டார்ட் ஆகப் பார்க்கும். பேனலை ஆஃபுக்குக் கொண்டுவந்து, எமர்ஜென்சி பட்டனை அமுக்கி, "வேலை நடக்கிறது" என்று ஓர் அட்டையைத் தொங்கவிடுங்கள். பேட்டரி சார்ஜரையும் அணைக்க வேண்டும், பேனலுக்குள் ஈ.பி. கரண்டிலிருந்து பேட்டரியைச் சார்ஜ் செய்துகொண்டிருக்கும் அந்தச் சின்னப் பெட்டியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கையில் வெள்ளிக் காப்பு, மோதிரம், இரும்புச் செயின் வாட்ச் இருந்தால் கழற்றி வைத்துவிடுங்கள். பாசிட்டிவ் நட்டுக்கும் இன்ஜின் உடம்புக்கும் நடுவில் மோதிரம் மாட்டினால் சில நூறு ஆம்பியரும் அதன் வழியாகத்தான் பாயும். ஒரு நொடியில் பழுத்துவிடும்.

பேட்டரியில் நெகட்டிவை முதலில் கழற்ற வேண்டும், பாசிட்டிவை அப்புறம். நெகட்டிவ் கழன்ற பிறகு ஸ்பேனர் இன்ஜின் உடம்பில் பட்டாலும் சர்க்யூட் முழுமையாகாது. மாட்டும்போது பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில். பிறகு சோலினாய்டில் வயர்கள் இருக்கும் நிலையை இரண்டு பக்கத்திலிருந்தும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பேட்டரி கேபிளோடு ஒரே போல்ட்டில் வேறு இரண்டு, மூன்று வயர்கள் ஏறியிருக்கும். பேனலுக்கும் சார்ஜிங் ஆல்டர்னேட்டருக்கும் போகிறவை. அதில் ஒன்று இடம் மாறினால் இன்ஜின் ஓடும், பேட்டரி சார்ஜ் ஆகாது; குறை ஒரு மாதம் கழித்துத்தான் தெரியும்.

பெரிய நட்டுகள் அநேகமாக 13 அல்லது 17 நம்பர் ஸ்பேனருக்கு வரும். அவை உட்கார்ந்திருப்பது செம்பு போல்ட்டில், அந்த போல்ட் நிற்பது பேக்லைட் மூடியில். நட் இறுகிப் போயிருந்தால் போல்ட்டும் சேர்ந்து சுழலும், மூடி விரிசல் விடும், உள்ளே காயில் முனை அறுந்துபோகும். அடியில் இருக்கும் லாக் நட்டை ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு மேல் நட்டைத் திருப்ப வேண்டும். அப்போதும் அசையவில்லையென்றால் துருவை இளக்கும் எண்ணெய் விட்டுப் பத்து நிமிடம் பொறுங்கள்.

இடம் இருந்தால் செல்ஃப் மோட்டாரைக் கழற்றாமலே சோலினாய்டை எடுத்துவிடலாம். சைலன்ட் கேனப்பிக்குள் அடைத்து வைத்த ஜெனரேட்டர்களில் கை நுழையாது. ஃப்ளைவீல் ஹவுசிங்கில் இருக்கும் இரண்டு, மூன்று போல்ட்களைக் கழற்றி மோட்டாரோடு வெளியே எடுப்பதுதான் நல்லது. கனமான பொருள், கடைசி போல்ட் கழலும்போது அடியில் ஒரு கை இருக்க வேண்டும். வெளியே எடுத்ததும் அந்த ஓட்டை வழியாக டார்ச் அடித்து ஃப்ளைவீல் பற்களைப் பாருங்கள். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். இன்ஜின் அணையும்போது ஏறக்குறைய அதே சில இடங்களில்தான் நிற்கும் என்பதால் அங்கே மட்டும் பல் மழுங்கியிருக்கும். இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

மோட்டாருக்குப் போகும் தடித்த செம்புப் பின்னலைக் கழற்றி, சோலினாய்டைப் பிடித்திருக்கும் இரண்டு அல்லது மூன்று திருகுகளை எடுத்தால் அது கையில் வரும். நேராக இழுத்தால் வராது. பிளஞ்சரின் கொக்கி உள்ளே ஃபோர்க்கில் மாட்டியிருக்கும்; பின்புறத்தைச் சற்றுத் தூக்கி, கொக்கியை நழுவவிட்டு எடுக்க வேண்டும். ஸ்பிரிங் எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

பழசைத் தூக்கி எறிவதற்கு முன் திறந்து பார்க்கச் சொல்வேன். மூடியில் இரண்டு இடத்தில் காயில் முனைகள் ஈயப்பற்று வைத்துச் சேர்க்கப்பட்டிருக்கும். சால்டரிங் அயர்னால் அதை உருக்கி, திருகுகளைக் கழற்றினால் மூடி திறக்கும். உள்ளே பழைய ஐம்பது பைசாவைவிடச் சற்றுப் பெரிய செம்பு வட்டு. அதன் ஒரு முகத்தில், போல்ட் தலைகள் பட்ட இரண்டு இடமும் கருத்து, பள்ளம் விழுந்து, ஓரத்தில் செம்பு உருகி முத்து முத்தாகத் திரண்டிருக்கும். போல்ட் தலையிலும் பிறை வடிவத்தில் அரிப்பு இருக்கும். மறுமுகம் புதுக் காசு போலப் பளபளக்கும். வட்டைத் திருப்பிப் போட்டு, போல்ட்டை அரைச் சுற்றுச் சுற்றி, கரியைச் சுரண்டி, மறுபடி பற்றவைத்து ஓட்டிவிடும் கைகாரர்கள் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறார்கள். காயில் நன்றாக இருந்தால் அது நியாயமான வேலைதான். இரவு ஷிப்ட்டில் கடை திறந்திருக்காதபோது அந்தத் திறமை ஒரு லோடு துணியைக் காப்பாற்றும். நிரந்தரத் தீர்வாக அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. அவசரத்துக்குப் பண்ணியதை அடுத்த வாரமே மாற்றிவிடுவது நல்லது.

புதுசு வாங்கும்போது பழசைக் கையோடு கொண்டுபோங்கள். ஜெனரேட்டர் கம்பெனி பெயரைச் சொல்லிக் கேட்டால் போதாது. அதே இன்ஜினில் ஆண்டுக்கு ஆண்டு வேறு வேறு செல்ஃப் மோட்டார் வந்திருக்கும். மோட்டாரின் உடம்பில் ஒட்டியிருக்கும் தகட்டைப் படம் எடுத்துக் காட்டுங்கள். நம் பக்கத்து இன்ஜின்களில் பெரும்பாலும் லூகாஸ் டிவிஎஸ் மோட்டார் இருக்கும். 1961-இல் தொடங்கி சென்னை பாடியில் தொழிற்சாலை வைத்திருக்கும் நிறுவனம் என்பதால் பாகங்கள் கிடைப்பது கஷ்டமில்லை. 12 வோல்ட்டா 24 வோல்ட்டா, பிளஞ்சர் நீளமும் கொக்கியும் ஒன்றா, திருகு ஓட்டைகள் பொருந்துகின்றனவா என்று கடையிலேயே பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 24 வோல்ட் இன்ஜினில் 12 வோல்ட் சோலினாய்டைப் போட்டால் முதல் நாள் அட்டகாசமாக அடிக்கும், சீக்கிரமே கருகும். மாற்றிப் போட்டால் இழுக்கவே இழுக்காது. மீட்டர் இருந்தால் எஸ்ஸிலிருந்து மோட்டார் டெர்மினலுக்கும், எஸ்ஸிலிருந்து உடம்புக்கும் ஓம் அளந்து பாருங்கள். இரண்டிலும் ஓரிரு ஓமுக்குள் காட்ட வேண்டும். எதிலாவது ஓபன் காட்டினால் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். விலை பாதிக்குப் பாதி குறைவாக, பெயர் மட்டும் ஒரே மாதிரி அச்சடித்த டப்பாவில் வரும் சரக்கை நான் நம்ப மாட்டேன். உள்ளே வட்டு மெல்லிசாக இருக்கும். அதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது.

மாட்டுவது கழற்றியதன் தலைகீழ். பிளஞ்சர் உலர்ந்து இருக்கட்டும். அதில் கிரீஸ் பூசினால் பஞ்சும் தூசியும் ஒட்டி, ஒரு நாள் அப்படியே சிக்கிக்கொள்ளும். ஃபோர்க்கில் கொக்கி படும் இடத்தில் மட்டும் துளி கிரீஸ் போதும். கொக்கி உண்மையிலேயே மாட்டியிருக்கிறதா என்று திருகு போடும் முன் பிளஞ்சரை அழுத்திப் பாருங்கள். பெண்டிக்ஸ் முன்னே வர வேண்டும். மோட்டார் உட்காரும் முகத்தில் பெயின்டும் துருவும் இருந்தால் உப்புத்தாள் போட்டுப் பளபளப்பாக்குங்கள், எர்த் அந்த வழியாகத்தான் போகிறது. செம்பு போல்ட்டில் நட்டை இறுக்கும்போது பலத்தைக் காட்ட வேண்டாம். செம்பு மெத்தென்ற உலோகம், மரை வழுக்கிவிடும். கேபிள் லக் அசையாமல் இருந்தால் போதும். கடைசியாக டெர்மினல் மீது வாசலின் தடவி ரப்பர் மூடியைப் போட்டுவிடுங்கள். பல கம்பெனிகளில் அந்த மூடி தொலைந்து ஆண்டுக்கணக்காகியிருக்கும். சின்ன ரப்பர்தான், ஆனால் பஞ்சுத் தூசிக்கும் தவறி விழும் ஸ்பேனருக்கும் அதுவே காவல்.

முதல் ஸ்டார்ட்டை மேனுவலில் கொடுங்கள். பத்து நொடிக்கு மேல் தொடர்ந்து சுற்ற விடாதீர்கள். பிடிக்கவில்லையென்றால் அரை நிமிடமாவது மோட்டாரை ஆறவிட்டு அடுத்த முறை. இன்ஜின் பிடித்ததும் செல்ஃப் விடுபடுகிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள். கிறீச்சென்ற சத்தம் தொடர்ந்தால் வட்டு ஒட்டிக்கொண்டிருக்கலாம். அப்போது இன்ஜினை அணைத்தால் மட்டும் தீராது, மோட்டார் பேட்டரியில் ஓடிக்கொண்டே இருக்கும், பேட்டரி நெகட்டிவைப் பிரித்தால்தான் நிற்கும். இதற்காகவே பேட்டரிக்குப் பக்கத்தில் ஒரு ஐசொலேட்டர் சுவிட்ச் வைப்பது நல்லது.

இனி காரணத்துக்கு வர வேண்டும். 2008-க்குப் பிறகு தமிழ்நாட்டில் மின்தட்டுப்பாடு வாட்டிய ஆண்டுகளை, முக்கியமாக 2012-ஐ, திருப்பூர் மறக்காது. சென்னைக்கு வெளியே ஒரு நாளில் பாதிக்கு மேல் கரண்ட் இல்லாமல் போன காலம் அது. சின்னச் சின்னக் கம்பெனிகளும் கடன் வாங்கி ஜெனரேட்டர் போட்டன. அன்றைக்கு இன்ஜின் தினமும் மணிக்கணக்கில் ஓடியது. டீசல் செலவு கண்ணீரை வரவழைத்தது, ஆனால் பேட்டரி தினமும் சார்ஜ் ஆனது. இப்போது நிலைமை வேறு. பராமரிப்புக்காக முன்கூட்டியே அறிவிக்கும் மின்தடை நாளும், கோடை மழையில் மரம் சாய்ந்த மாலையும் தவிர ஜெனரேட்டருக்கு வேலை குறைவு. சார்ஜர் இல்லாமலோ, அது அணைந்துகிடந்தோ வாரக்கணக்கில் சும்மா நிற்கும் பேட்டரி உள்ளுக்குள் சல்ஃபேட் படிந்து, யாருக்கும் தெரியாமல் பலம் இழக்கிறது. தேவைப்படும் நாளில் 'டக டக' என்று அடித்து, சோலினாய்டின் வட்டைக் கருக்குகிறது. அதாவது கரண்ட் நன்றாக இருக்கும் காலத்தில்தான் செல்ஃப் பிரச்சினை அதிகம் வரும்.

அதனால் சோலினாய்டு மாற்றிய அன்றே பேட்டரிக்கும் ஒரு முடிவு எடுக்க வேண்டும். வாங்கி மூன்று, நான்கு ஆண்டு ஆகியிருந்து, சுற்றும்போது வோல்டேஜ் 9.6-க்குக் கீழே விழுந்தால், புது சோலினாய்டின் விலையைவிடப் பேட்டரி விலை பல மடங்கு என்று தள்ளிப்போடாதீர்கள். நல்ல பேட்டரி என்றால் தண்ணீர் மட்டம் பார்த்து டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, டெர்மினலைச் சுடுதண்ணீரால் கழுவித் துடைத்து, வாரத்தில் ஒரு நாள் இன்ஜினைப் பத்து நிமிடம் ஓட்டுங்கள். மாதத்தில் ஒரு தடவையாவது உண்மையான லோடோடு ஓட்டுவது இன்ஜினுக்கும் நல்லது. சனிக்கிழமை சம்பளம் போடும் நாள் என்பதால் எல்லாருக்கும் நினைவிருக்கும். அன்று காலையில் இதைச் செய்வது வசதி. ஸ்டார்ட் கொடுக்கும்போது மீட்டரில் விழும் வோல்டேஜைச் சுவரில் ஒட்டிய தாளில் எழுதி வைத்தால், வாரா வாரம் அது எப்படி இறங்குகிறது என்று கண்ணெதிரே தெரியும். 10.8, 10.7, 10.3 என்று வந்தால் பேட்டரிக் கடைக்குப் போக வேண்டிய நேரம் வந்துவிட்டது. சோலினாய்டு இன்னும் நன்றாகவே இருக்கும்.

ஆட்டோ சோதனையோடு வேலையை முடியுங்கள். தையல் பகுதியில் சொல்லிவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் மெயினை இறக்கிப் பாருங்கள். பேனல் பொதுவாக மூன்று முறை ஸ்டார்ட் கொடுத்துப் பார்க்கும். முதல் முறையிலேயே பிடிக்க வேண்டும். மெயினை ஏற்றி, ஜெனரேட்டர் தானே நின்றதும் மூன்று விஷயம் பாருங்கள்: எமர்ஜென்சி பட்டன் வெளியே வந்திருக்கிறதா, பேனல் ஆட்டோவில் இருக்கிறதா, பேட்டரி சார்ஜரின் சுவிட்ச் மறுபடி போடப்பட்டிருக்கிறதா. மூன்றாவதைத்தான் அதிகம் மறப்பார்கள், அதன் விளைவு வெளியே தெரிய இரண்டு, மூன்று வாரம் ஆகும்.